இடது பக்கக் காலர்

பம்பரம் உட்கார்ந்து பார்த்தவர்கள் அந்தத் தெருவில் கிடையாது. கல்யாணப் போட்டோவில்கூடப் பாதி எழுந்த மாதிரிதான் இருப்பார். பக்கத்தில் மனைவி அவருடைய சட்டைக் கையை இறுகப் பிடித்திருப்பது ஆசையால் என்று புதிதாகப் பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஓடிவிடக் கூடாதே என்று பிடித்தது. சாப்பாடு நின்றுகொண்டு, டீ நடந்துகொண்டு. தூக்கத்திலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும் என்று மனைவி சத்தியம் செய்வாள். பெற்றோர் வைத்த பேர் என்னவென்று ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் தெரியும். ஊருக்கு அவர் பம்பரம்.

தொழில் சலவைக் கடை. முன்னால் தேய்க்கும் மேஜைகள், பின்னால் ஊறவைக்கும் தொட்டிகள், தொட்டிக்கு மேலே மாடியில் குடியிருப்பு. வீட்டுத் தலையணையிலும் சோப்பு வாசனை, சோற்றிலும் சோப்பு வாசனை. கடைக்கு எதிரே ரயில் பாதை, பாதையின் குறுக்கே ஒரு கேட். கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் ஆஸ்பத்திரி, தங்கும் விடுதிகள், அடுக்குமாடி வீடுகள் எல்லாம். காலையில் தள்ளுவண்டி அழுக்கை ஏற்றிக்கொண்டு வரும். சாயங்காலம் அதே வண்டி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைத்து நிற்கும் துணிகளோடு திரும்பிப் போகும். கேட் மூடியிருக்கும் நேரத்தில் பம்பரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். அப்படி அவர் நடந்த நடையை நேராக நீட்டி வைத்திருந்தால் கடல் வந்திருக்கும்.

அந்தக் கேட்டில்தான் மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு அறிவிப்பை ஒட்டினார்கள். மழை முடிந்ததும் கேட் நிரந்தரமாக மூடப்படுமாம். மேம்பாலத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாமாம். மேம்பாலம் எங்கேயோ ஊர்க்கோடியில் இருந்தது. அது ஒட்டக முதுகு மாதிரி செங்குத்தாக ஏறும், அடிவாரத்திலேயே தள்ளுவண்டிக்குத் தடை என்று பலகை வேறு. அறிவிப்பைப் படித்துவிட்டு வந்த பம்பரம் ஒரே படுக்கை விரிப்பைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார், துணி தீயும் வாசனை வரும்வரை. கேட் போனால் கடை போச்சு, கடை போனால் மேலே இருக்கிற வீடும் போச்சு. மனைவி வந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி ஓரமாக வைத்தாள்.

"என்னங்க, எம்.பி. நம்ம வாடிக்கைதானே. போய்ச் சொல்லுங்க. துணியைத் தேய்க்கிறதோட நம்ம உறவு முடிஞ்சுதா?"

அது உண்மை. அந்தத் தொகுதியின் எம்.பி. சனிக்கிழமை தோறும் டிரைவரிடம் அழுக்கு மூட்டையைக் கொடுத்தனுப்புவார். ஞாயிறு சாயங்காலம் துவைத்துத் தேய்த்த சட்டைகளோடு தலைநகருக்கு ரயில் ஏறுவார். பருத்த உடம்பு, மெல்லிய குரல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்கும் பழக்கம். பம்பரம் போய்ச் சொன்னதை அப்படியே சாய்ந்து கேட்டுவிட்டு, சபையில் கேள்வி போடுகிறேன், குலுக்கலில் விழுந்து பேர் கூப்பிட்டால் எழுந்து நின்று மந்திரியையே கேட்டுவிடலாம், மேம்பாலத்தில் வண்டி ஏறாது என்பதை அங்கேயே சொல்லிவிடலாம் என்றார். பம்பரத்துக்குக் குலுக்கல் காதில் ஏறவில்லை. எழுந்து நிற்கப் போகிறார் என்பது மட்டும் ஏறியது. மறுநாளே எழுந்து நிற்பார் என்று எதிர்பார்த்தார்.

எதிர்பார்க்க ஒரு டிவி வேண்டுமே. மனைவியின் தம்பி டிவி ரிப்பேர் செய்பவன். யாரோ திரும்பி வாங்க வராத ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்து மேஜைக்கு மேலே பலகையில் ஏற்றினான். அதில் எல்லாமே பச்சையாகத் தெரியும். சபை முழுக்கப் பாசிக் குளத்திலிருந்து எழுந்து வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள்.

அன்றிலிருந்து கடையில் வேறு சேனல் கிடையாது. சபாநாயகர்கூட நடுவில் வெளியே போய்வந்தார், பம்பரம் போகவில்லை. இஸ்திரிப் பெட்டி ஒரு கையில், கண் டிவியில். மழையில் துணி காயாமல் கடைக்குள்ளேயே கொடி கட்டியிருந்ததால், ஆஸ்பத்திரி விரிப்புகளுக்கு நடுவே தலையை நுழைத்து நுழைத்துத்தான் நாடாளுமன்றத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. துணி வாங்க வருகிறவர்களும் ஈரம் சொட்டச் சொட்ட நின்றார்கள். பக்கத்து மருந்துக்கடைக்காரர் மாத்திரை எண்ணுவதை விட்டுவிட்டு வந்து நின்றார். எம்.பி. என்ன செய்தாலும் அது வேலையா இல்லையா என்று வழக்கு நடக்கும். தண்ணீர் குடித்தார், அது வேலையில் சேராது என்றது பெரும்பான்மை. மேஜையைத் தட்டினார், அது சேரும், ஆனால் பாதி. கொட்டாவி விட்டார், அதற்குக் கழிக்க வேண்டும் என்றார் மருந்துக்கடைக்காரர். மச்சினன் தன் போனில் ஏதோ ஒரு தளத்தைத் திறந்து, எம்.பி.யின் வருகை நன்றாக இருக்கிறது, பேச்சுதான் கொஞ்சம் இளைப்பு என்று டாக்டர் மாதிரி சொல்வான்.

சபையோ நடந்தால்தானே. ஒருநாள் கூச்சல், ஒத்திவைப்பு. மறுநாள் இரங்கல், ஒத்திவைப்பு. நடந்த நாட்களில் யார் யாரோ எழுந்தார்கள். நம்மவர் மட்டும் நாற்காலியில் ஒட்டவைத்த மாதிரி, தலையை இடது தோளில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"தூங்குறாருப்பா," என்றார் மருந்துக்கடைக்காரர்.

 அது பம்பரத்துக்கு முன்பே தெரியும் என்பதுதான் கொடுமை. சட்டை பேசும் என்பது அவருடைய கட்சி. முழங்கை நைந்திருந்தால் மேஜை வேலை, முதுகு கசங்கியிருந்தால் சாய்வு நாற்காலி. மூட்டையைப் பிரித்தாலே ஒருவன் வாரம் முழுக்க என்ன செய்தான் என்று சொல்லிவிடுவார். மனைவியைப் பிரிந்தவன், வேலை மாறியவன், கடன்காரனுக்கு ஒளிந்தவன் எல்லோரையும் துணியிலேயே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வார். எம்.பி.யின் சட்டைகளில் வருடக்கணக்காக ஒரே அடையாளம். காலரின் இடது பக்கம் மட்டும் மடங்கி, நசுங்கி, கன்னத்து எண்ணெய் ஏறி வரும். வலது பக்கம் கடையிலிருந்து போன மாதிரியே திரும்பும். இதுநாள்வரை வாடிக்கையாளர் ரகசியம் என்று காத்துவந்தார். இப்போது மனைவியிடம் காலரை விரித்துக் காட்டினார்.

"பாரு. தலை சாயுது, இடது பக்கம் விழுது, அங்கேயே கிடக்குது. வாரம் பூரா தூக்கம். நம்ம கேட்டை நம்பி ஒரு தூங்குமூஞ்சி கையில கொடுத்திருக்கோம்."

அவள் தொட்டியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. "உங்க சட்டை கக்கத்துல கசங்கிக் கிழியுது. அதுக்கு என்ன அர்த்தம்? பறக்குறீங்களா?"

அந்த நேரத்தில்தான் டிரைவர் நல்ல செய்தியோடு வந்தார். குலுக்கலில் கேள்வி விழுந்துவிட்டது. வருகிற புதன்கிழமை சார் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேசுகிற நாளில் சார் நீலச் சட்டைதான் போடுவார், அதை மட்டும் கொஞ்சம் கவனித்துத் தேய்க்கச் சொன்னார்.

கவனிக்கச் சொன்னால் போதாதா. பம்பரத்துக்குள் ஒரு யோசனை சுழல ஆரம்பித்தது. தூங்குவதற்குத் தலை சாய வேண்டும். சாய்வதற்குக் காலர் மடங்க வேண்டும். காலர் மடங்காவிட்டால்? மனைவி மாடிக்குச் சமைக்கப் போன நேரத்தில் கஞ்சிப் பசையைக் காய்ச்சினார். விடுதி மேஜை விரிப்புகளுக்கு இருந்த மாவு எல்லாம் அந்த ஒரு காலருக்குள் போனது. தோய்த்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி தோய்த்து, மறுபடி தேய்த்து, இடது பக்கத்துக்கு மட்டும் தனியாக இன்னொரு முறை. கடைசியில் அந்தக் காலரைச் சுண்டினால் தகரம் மாதிரி சத்தம் வந்தது. அதை வைத்து ரொட்டி வெட்டலாம். தலை சாய்ந்தால் கன்னத்தில் குத்தி எழுப்பிவிடும். இவ்வளவு நல்ல காரியத்தை வெளியே சொல்ல முடியவில்லையே என்றுதான் அவருக்கு வருத்தம்.

புதன்கிழமை கடைக்குள் ஆள் நிற்க இடமில்லை. மழை ஓயவில்லை. டீக்கடையிலிருந்து ஒரு கெண்டி டீயும் பன்னும் வந்தன. பச்சைத் திரையில் பச்சைச் சட்டையாகத் தெரிந்தார் எம்.பி. முதுகு நேராக, கழுத்து நேராக, அளவெடுத்து நட்ட கம்பம் மாதிரி. பம்பரம் பெருமை தாங்காமல் பன்னைப் பிய்த்துப் பிய்த்து எல்லோருக்கும் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் எம்.பி. காலருக்குள் ஒரு விரலை விட்டார். பிறகு இரண்டு விரல். கழுத்தைக் கோழி மாதிரி முன்னும் பின்னும் நீட்டினார். இடது பக்கம் சாயப் போனார், சுரீரென்று நிமிர்ந்தார். மறுபடி சாய்ந்தார், மறுபடி நிமிர்ந்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தில் வைத்தார். முன்வரிசையில் யாரோ நீளமாகக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள்; தன் முறைக்கு இன்னும் நேரம் இருக்கிறதென்று நினைத்திருப்பார் போல, எழுந்து கைக்குட்டையோடு வெளியே நடந்தார்.

அவர் போன பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மந்திரி ஒரே வரியில் பதில் சொல்லி உட்கார்ந்தார். அடுத்த கேள்விக்காரர் வரவில்லை. அதற்கடுத்து சபாநாயகர் நம்மவர் பேரைக் கூப்பிட்டார். கேமரா திரும்பியது. காலி நாற்காலி. இன்னொரு தடவை கூப்பிட்டார். நாற்காலி அப்படியே இருந்தது. அடுத்தது, என்று சபாநாயகர் தாளைத் திருப்பினார்.

 கடைக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். தெருவுக்குத் தெரிந்த திட்டு எதுவும் அன்று மிச்சமில்லை. மனைவி மட்டும் திரையைப் பார்க்கவில்லை. அடுப்போரம் கழுவாமல் கிடந்த கஞ்சிச் சட்டியைப் பார்த்தாள். காலியாகத் தொங்கிய மாவுப் பையைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். பம்பரம் ஈர விரிப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். விரிப்புக்குக் கீழே கால் மட்டும் தெரிந்தது. ஆடிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு போட்டீங்க?" என்று அவள் கேட்டது விரிப்பைத் தாண்டி மெதுவாக வந்தது.

"இருந்ததெல்லாம்."

அவள் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

அடுத்த இரண்டு நாளும் பம்பரத்துக்குச் சோறு இறங்கவில்லை. எழுத்தில் வந்த பதிலை மச்சினன் போனில் எடுத்துப் படித்தான். கேட் மூடப்படும், மாற்று வழியாக மேம்பாலம் உள்ளது, அவ்வளவுதான். எழுந்து நின்றிருந்தால் மேல்கேள்வி கேட்டிருக்கலாம். பம்பரம் தேய்த்த துணியையே எடுத்துத் தேய்த்தார், மழை நின்றதா என்று வெளியே போய்ப் பார்த்தார், பெய்கிறது என்று உள்ளே வந்து சொன்னார். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மூட்டை வந்தது. மேலாகவே நீலச் சட்டை. காலரின் உள்பக்கம் இடது ஓரத்தில் பழுப்பாக ஒரு கோடு, உலர்ந்த ரத்தம். அதைப் பிடித்துக்கொண்டு பம்பரம் நின்றபோதுதான் தெரு முழுக்க உள்ளே வந்தது, மருந்துக்கடைக்காரர் முன்னால், அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. கேட்டுக்கு முன்னால் காலி நாற்காலியைப் போட்டு அதற்கு எம்.பி.யின் சட்டையை மாட்டப் போகிறார்கள். பத்திரிகைக்காரர் ஒருவருக்கும் சொல்லியாயிற்று. எம்.பி. ஊரில் இருக்கிறார், பார்க்கட்டும். சட்டை வேறு எங்கே கிடைக்கும்?

"அண்ணே, அந்த நீலத்தையே கொடுங்க. டிவியில பார்த்த சட்டை, ஜனங்களுக்கு அடையாளம் தெரியும்."

பம்பரம் மனைவியைப் பார்த்தார். அவள் சோப்புக் கையோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.  நீலச் சட்டையை அவர் மடித்து மேஜைக்குள் வைத்தார். பிறகு, பெண்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், தன் சட்டையைக் கழற்றி நீட்டினார்.

"இதை மாட்டுங்க."

"எதுக்குண்ணே உங்க சட்டை?"

"அவரை எழுப்பிவிட்டது நான்தான். தூங்கிடக் கூடாதேன்னு காலர்ல கஞ்சியைக் கொட்டினேன். அது கழுத்தை அறுத்து அவர் வெளியே ஓடினாரு. கேள்வி போனது என்னால."

 ஒருவர் சிரிக்கப் போய், மற்றவர்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இஸ்திரி போடுறவன் இஸ்திரியோட நின்னிருக்கணும், உனக்கு எதுக்குய்யா நாட்டை நிமிர்த்துற வேலை, என்று டீக்கடைக்காரர் சொன்னது எல்லோருக்காகவும் சொன்னதாகவே இருந்தது. மச்சினன்கூட, "ஏன் மாமா இப்படி," என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். கடைசியில் மருந்துக்கடைக்காரர்தான் தீர்ப்பு சொன்னார். சட்டை வேண்டாம். ஆளே வந்து உட்காரட்டும்.

அப்படித்தான் பம்பரம் பனியனோடு கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். சிறு பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிப் போய், பம்பரம் உட்கார்ந்திருக்கிறது என்று அம்மாக்களைக் கூட்டிவந்தார்கள். அந்தப் பக்கத்து விடுதிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரயில் ஓட்டுநரே வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனதாகப் பேச்சு. ஒவ்வொரு தடவை எழ முயலும்போதும் டீக்கடைக்காரர் ஒரு கனைப்புக் கனைத்தார். தூறல் வேறு. மனைவி வந்து தலைக்கு மேல் ஒரு ஆஸ்பத்திரி விரிப்பைப் பிடித்தாள். பிடித்த கையை அவள் இறக்கவே இல்லை.

மதியம் தாண்டி எம்.பி.யின் கார் வந்தது. கழுத்தில் ஒரு பிளாஸ்திரி. குடையை டிரைவரிடம் கொடுத்துவிட்டு நாற்காலிக்கு எதிரே வந்து நின்றார். பம்பரம் எழுந்திருக்கப் போனார், எம்.பி. தோளில் கைவைத்து அமர்த்தினார். நடந்ததைப் பம்பரம் முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டார்.

"தூங்கறேன்னு எப்படி முடிவு பண்ணீங்க?"

"காலருங்க. இடது பக்கம் மட்டும் எப்பவும் நசுங்கியே வருது."

 எம்.பி. தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இதுல கேக்காது. சின்ன வயசுலேர்ந்தே. சபையில நாற்காலி முதுகுல ஒரு சின்ன ஒலிபெருக்கி இருக்கு. இடது காதை அதுல வச்சாத்தான் யார் என்ன பேசறாங்கன்னு எனக்குத் தெரியும். கண்ணை மூடினா இன்னும் கொஞ்சம் கேக்கும். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. செவிடனுக்கா ஓட்டுப் போட்டோம்னு கேப்பாங்களேன்னு பயம்."

பம்பரத்தின் கால் ஆட்டம் நின்றது. வருடக்கணக்காக அந்தக் காலரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, அடித்து, நேராக்கி அனுப்பியவர் அவர். அத்தனை வருடமும் அந்த மனிதர் காதைத் தீட்டி உட்கார்ந்திருந்ததைத்தான் அவர் அழுக்கென்று எடுத்துக்கொண்டிருந்தார். இதைச் சுற்றி நின்றவர்களும் கேட்டார்கள். மருந்துக்கடைக்காரர் யாரும் கவனிக்காதபடி எம்.பி.யின் இடது பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டார்.

பிறகு நடந்ததெல்லாம் வேலைப் பேச்சு. போன கேள்வி போனதுதான். ஆனால் கேள்வி நேரம் முடிந்த பின் அவசர விஷயம் பேசச் சிலருக்கு அனுமதி உண்டு, அதற்கு எழுதிக் கொடுக்கிறேன், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்றார். மேம்பாலத்தின் ஏற்றம் எவ்வளவு, வண்டி எவ்வளவு கனம், அந்தப் பக்கத்தில் யார் யார் துணி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். காரில் ஏறும்போது பம்பரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"நீலச் சட்டையைத் துவைச்சா போதும். கஞ்சி வேண்டாம். பெட்டியும் வேண்டாம்."

"பெட்டி போடாமலாங்க?"

"தொடவே தொடாதீங்க. காலர் துணி மாதிரி கிடக்கட்டும்."

அன்று பம்பரத்துக்கு அது ஆயுள் தண்டனையாகத் தெரிந்தது. அந்தக் கடையிலிருந்து ஒரு சுருக்கம்கூட வெளியே போனதில்லை என்பதுதான் அவர் வாழ்க்கையில் சேர்த்த சொத்து. ஞாயிற்றுக்கிழமை நீலச் சட்டையை மனைவியே துவைத்தாள். ரத்தக் கோடு போகும்வரை காலரைக் கட்டைவிரலால் கசக்கினாள். காய்ந்ததும் அவர் கை தானாகப் பெட்டிக்குப் போனது. அவள் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

வாரம் முழுக்கக் காத்திருந்தார்கள். திங்கள் கூச்சல். செவ்வாய் ஒத்திவைப்பு. வியாழக்கிழமை பகலில், பாதிக் கூட்டம் சாப்பிடப் போன பிறகு, பேர் கூப்பிட்டார்கள். எம்.பி. எழுந்தார்.

மச்சினன் ஒலியைக் கூட்டினான். மெல்லிய குரல்தான், ஆனால் நடுங்கவில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கைகளின் விரிப்பு எந்த வண்டியில் வருகிறது என்று சொன்னார். மேம்பாலத்தின் அடியில் தொங்கும் தடைப் பலகையைச் சொன்னார். அந்தப் பலகை இருக்கிற பாலத்தை மாற்று வழி என்று எழுதியவர் ஒருநாள் ஈரத்துணி ஏற்றிய வண்டியை அதில் தள்ளிக் காட்டட்டும் என்றார். யாரோ மேஜையைத் தட்டினார்கள். மந்திரி எழுந்து, அதிகாரி ஒருவரை அனுப்பி நேரில் பார்க்கச் சொல்கிறேன், அறிக்கை வரும்வரை கேட் மூடப்படாது என்றார்.

தெரு கத்தியது. மருந்துக்கடைக்காரர் யாரையோ கட்டிப்பிடித்தார். அது உலர்த்தப் போட்ட மேஜை விரிப்பு என்று பிறகுதான் கவனித்தார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு புருஷன் எங்கே என்று தேடினாள்.

பம்பரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் கனைக்கவில்லை, யாரும் பிடித்து வைக்கவுமில்லை. எம்.பி. திரும்பிப் போய் உட்காருவதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார். முதுகு முழுக்கக் கசங்கல். கை மடிப்பு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி. தலை மெதுவாக இடது பக்கம் சாய்ந்தது, காலர் அதோடு மடங்கிக்கொடுத்தது.

அடுக்குமாடியிலிருந்து துணி வாங்க வந்திருந்த ஒரு புது வாடிக்கையாளர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "என்னங்க இது, நாடே பார்க்கிற இடத்துல இப்படிக் கசங்கின சட்டை? இவருக்கு யார் தேய்க்கிறது?"

எல்லோர் தலையும் முக்காலிப் பக்கம் திரும்பியது.

"நான்தாங்க," என்றார் பம்பரம்.